மணவறைக்கு ஒரு பொன்வண்டு

என் மனைவியின் தங்கைக்குக் கொக்குவிலில் கலியாணம். அவள் ரியூட்டரியில் விலங்கியல் படிப்பித்தவள். "எல்லாற்றை மணவறையிலையும் மயில்தான் நிக்குது அத்தான். எனக்குத் தாளிலை ஒரு பொன்வண்டு வெட்டித் தாங்கோ" என்றாள். அந்தக் கலியாணத்தில் அவள் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

போரால் தாளும் கிடைக்காத காலம். பழைய கலண்டர்களின் வெள்ளைப் பின்புறத்துக்குச் சாயம் பூசி, ஐந்து அடுக்கு வெட்டினேன். மேல் தாளில் துளை பெரிது. கீழே போகப் போகச் சிறிது. இறப்பர் செருப்பை நறுக்கி இடையில் ஒட்டினால் அடுக்குகள் விலகி நிற்கும், சிறகுக்கு ஆழம் வரும். பார்த்து வெட்டுவதற்காக, கிளுவை வேலியில் பிடித்த வண்டு ஒன்றைப் பால்மாத் தகர ரின்னுக்குள் விட்டு மேசையில் வைத்திருந்தேன்.

கலியாணத்துக்கு முதல்நாள் காலை. கடைசித் தாளில் கத்தி வைத்திருக்கிறேன், உறுமல் கேட்டது. தாழ்வாக, வீட்டுக்கு நேர் மேலே. "பொம்மர்! குண்டு போடப் போறான்!" என்று கத்தினேன். கலைஞன் வெறுங்கையோடு ஓடுவானா? ஐந்து தாளையும் அள்ளிக்கொண்டு வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் முதல் ஆளாகப் பாய்ந்தேன். குப்புறப் படுக்கவேண்டும் என்று ஊருக்கே வகுப்பெடுத்தவன் நான். படுத்தேன். உள்ளே மாரித் தண்ணீர். பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த பெண்கள், மாமியார் தலைமையில், என் முதுகின்மேல் வந்து விழுந்தார்கள்.

குண்டு விழவில்லை. மணப்பெண் மட்டும் ஆறுதலாக நடந்து வந்து, ரின்னைக் கையில் பிடித்தபடி பங்கர் வாசலில் நின்றாள்.

"அத்தான், உங்கடை பொம்மர் இதுக்குள்ளை நிக்குது."

மாமியாரின் சிரிப்புக்குப் பங்கரே இடிந்திருக்க வேண்டும். என் வயிற்றின் கீழே ஐந்து அடுக்கும் ஒரே கூழ். குண்டுக்குப் பயந்தவன், இப்போது அவள் முகத்துக்குப் பயந்து சேற்றிலேயே கிடந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "கத்தினது சரிதான். மெய்யா வந்திருந்தா?" என்றாள். "எழும்புங்கோ, இன்னும் பொழுது கிடக்கு."

மாமியார் சுவரில் தொங்கிய அந்த வருடக் கலண்டரையே கழற்றித் தந்தார். கால்களை அவளே வரைந்தாள். நான் பயத்தில் எட்டுக் கால் வைத்துவிடுவேனாம். இருட்டுவதற்குள் மூன்று அடுக்குத்தான் முடிந்தது.

மறுநாள் மணவறையில் வண்டைக் கண்ட மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர், "உதென்ன, ஆமையோ?" என்றார். ஆமை புகுந்த வீடு! எனக்கு மறுபடி பங்கர் நினைவு வந்தது. மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் இருக்கவேண்டிய நேரம். அவள் நிமிர்ந்தாள்.

"பொன்வண்டு. எங்கடை அத்தான் வெட்டினவர்."