மணி அடித்தால் வரும் முட்டைக்கோஸ்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் என்னைத் தேனியில் புதிதாகத் திறந்த கொரியச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தரையில் மெத்தை, முன்னால் முழங்கால் உயரப் பலகை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வீட்டில் மேசை வாங்கிப் போட வைத்தவள் இதே மகள்தான். குனிந்து ஏதோ பாஷையில் வணக்கம் சொன்ன பெண், நான் முழித்ததைப் பார்த்து, "பயப்படாம உக்காருங்க சார், நான் சின்னமனூருதான்" என்றாள்.

சோற்றுக்கு முன்னால் ஆறு சின்னக் கிண்ணங்கள் வந்தன. ஒன்றில் மிளகாய் பூசிப் புளிக்க வைத்த முட்டைக்கோஸ். கிம்ச்சியாம். பொய் சொல்லக் கூடாது, அருமையாக இருந்தது. ஆனால் அந்த வாடை என்னைப் பழைய மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாலிபத்தில் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். அழுகிய கோஸ் இலையை உரித்து உரித்துக் கையெல்லாம் இந்த வாடைதான். மத்தியானம் பின்தெரு மெஸ்ஸில் சாப்பாடு. இன்னும் கொஞ்சம் சோறு என்று கேட்க எனக்கு வாய் வராது. இலையை மூடாமல், வெறும் இலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். பரிமாறும் சுருளியண்ணனுக்கு அது போதும்.

"ஏலே, இலையில என்ன பத்திரமா எழுதுற? கையெடு" என்று ஒரு கரண்டி சோற்றைத் தட்டுவார்.

"தொரை கேக்கவே இல்லையேண்ணே" என்பான் பக்கத்து இலைக்காரன்.

"அவன் வாயி கேக்கல. வயிறு கேட்டுச்சு. நீ ஒன் இலையப் பாரு."

கிம்ச்சி தீர்ந்தது. இன்னும் வேண்டும்போல இருந்தது. பழக்கம் விடுமா? காலிக் கிண்ணத்தில், சாப்பிடக் கொடுத்திருந்த குச்சியால் கோடு போட்டேன். சின்னமனூர்ப் பெண் வந்தாள், பார்த்தாள், சிரித்தாள், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"கேட்டா எத்தன தடவன்னாலும் குடுப்பாகப்பா. அந்த மணிய அமுக்கு" என்றாள் மகள்.

பலகை ஓரத்தில் சிவப்பாக ஒரு பொத்தான். விரலை அதுவரை கொண்டுபோனேன். அதற்கு மேல் விரல் போகவில்லை.

"வயிறு நெறஞ்சிருச்சு ஆத்தா."

திரும்பும்போது அந்த மார்க்கெட் பின்தெரு வழியாக வந்தோம். மெஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சுருளியண்ணன் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. அவர் வாளியோடு நின்ற இடத்தில் ஒரு போனின் படம் ஒட்டி, எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் என்று எழுதியிருந்தார்கள். அதையும் நாம்தான் கேட்க வேண்டுமாம்.