சுவரில் வரையாத குடம்

ஐந்தாவதோடு நின்றவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். திருக்கோகர்ணத்தில் பழைய ஊருணியைச் சுற்றிப் பூங்கா கட்டி, சுவரில் அந்தக் காலத்துப் படமெல்லாம் வரைந்திருக்கிறார்கள் என்று மருமகள் கூட்டிப்போனாள். எங்கள் குடிசைகள் இருந்த இடத்தில் ஊஞ்சல் ஆடுது. ஊருணிப் பாசி வாடை மட்டும் அப்படியே இருக்கு, அந்த வாடையில்தான் சின்ன வயசில் ஆத்தாவும் நானும் தினம் காலையில் கரைமேல் நிற்போம். படியில் எங்கள் கால் படக்கூடாது, குடத்தை வைத்துவிட்டு விலகி நிற்கணும், தண்ணி எடுக்க வருகிற பொம்பளைகள் பேசிச் சிரித்து, கொண்டையை முடிந்து, எங்களைக் காணாத மாதிரி போக, வெயில் ஏறினபிறகு யாராவது மனசு வந்து ஊற்றினால்தான் எங்களுக்குத் தண்ணி.

சுவரிலும் அவர்கள்தான், பூ வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

“அத்தே, அவங்க பக்கத்துல நில்லுங்க, போட்டோ எடுக்கிறேன்.”

“அவளுக பக்கத்துல நான் எதுக்குடி நிக்கணும்?”

விறுவிறுவென்று படியில் இறங்கினேன். காவலாளி ஓடிவந்தார். “ஆத்தா, எறங்கக்கூடாது, மேல வாங்க!”

“அப்பவும் இதைத்தான் சொன்னாங்க, போய்யா” என்று கடைசிப் படியில் உட்கார்ந்து, தண்ணிக்குள் காலை விட்டேன்.

கரையில் காத்திருந்த குடம் ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை. எங்களுடையது மண்குடமா, அலுமினியமா, எனக்கு நினைவில்லை. எங்களோடு அங்கிட்டு நின்றவர்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். அதையும் வரையட்டும்.