ஐந்தே மாதத்தில் தேய்ந்த பிரேக்

கழற்றிய பிரேக் பேட் என் உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தது. உராய்ந்து பிடிக்க வேண்டிய பகுதி முழுவதும் போய், வெறும் இரும்புத் தகடு மிஞ்சியிருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் அதை மாட்டியவன் நான்தான். ஈசூனில் நான் வேலை பார்த்த பட்டறையில் அத்தான் காரை விட்டுவிட்டு, "கிரீச்சுனு சத்தம் வருது, பாரு" என்று சொல்லி எதிரே காப்பிக்கடைக்குப் போயிருந்தார். அக்கா மட்டும் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

பிடோக் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை மகள் பாப்பாவோடு தேக்கா சந்தைக்கும் போய்வரும் கார் அது. அப்படி ஓடினால் பேட் இரண்டு மூன்று வருடம் தாங்கும். பேட் கவ்விப் பிடிக்கும் டிஸ்க்கைத் துடைத்துப் பார்த்தேன்; சூடேறி நீலம் பாய்ந்திருந்தது. அதிவேகத்தில் போய், திரும்பத் திரும்ப முழு பலத்தோடு மிதித்தால்தான் அப்படியாகும். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், தையல் போட்ட தழும்பு. சமையலறை அலமாரி இடித்துவிட்டது என்று தீபாவளியன்று சொல்லியிருந்தாள். நானும் நம்பியிருந்தேன்.

"அக்கா, இது எப்படித் தேஞ்சுச்சு?"

என் கையில் இருந்ததைப் பார்த்தாள். "கோவம் வந்தா எக்ஸ்பிரஸ்வேல சீட் பெல்ட்டக் கழட்டச் சொல்வாரு. கழட்டலனா அங்கேயே அடி. கழட்டினா வேகமாப் போய் பிரேக் போடுவாரு."

"பாப்பா?"

"பின்னாடிதான் இருப்பா. அவ அழுதா, இன்னொரு தடவை."

தேய்ந்த பேட்டையே திரும்ப மாட்டி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்றும் என்னால் மறுக்க முடியாது. ஆனால் அவர் அந்தக் காரில் தனியாகப் போகப்போவதில்லை. இரண்டு புதுப் பேட் பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்று சத்தமில்லாமல், மெத்தென்று பிடிக்கும். மற்றது கடும் சூட்டிலும் கவ்வி நிற்கும். நன்றாகப் பிடித்தால் அக்காவின் தலை கண்ணாடியில் மோதும். பிடிக்காவிட்டால் மூவரும் முன்னால் போகும் லாரியில் மோதுவார்கள். எதை மாட்டுவது?

அத்தான் பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பியுடன் வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நல்லா கப்புனு பிடிக்கிறதா போடு லா" என்றார்.

சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பியை எப்போது எடுத்தேன் என்று தெரியாது. முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. இரண்டாவது முழங்கையில். சிந்திய காப்பியிலேயே சரிந்தார். மூன்றாவதற்கு ஓங்கியபோது அக்கா குறுக்கே பாய்ந்தாள். கம்பி அவள் காதை உரசிக்கொண்டு நின்றது. இரு கைகளாலும் தலையை மூடி, முழங்காலை மடக்கி, பழகிப்போனவளாகக் குனிந்தாள். என்னைப் பார்த்துத்தான் அப்படிக் குனிந்தாள். கம்பியைக் கீழே போட்டேன்.

எனக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அக்கா, அத்தான் நெருங்கக்கூடாது என்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கிக்கொண்டு பாப்பாவுடன் மார்சிலிங்குக்குக் குடிபோனாள். என்னைப் பார்க்க வந்தவள் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சொன்னாள்: "நீ அடிச்சதுல எனக்குச் சந்தோஷமில்லடா. அப்ப நீயும் அவர மாதிரிதான் இருந்த. ஆனா இத்தன வருஷத்துல, எப்படின்னு கேட்டது நீ ஒருத்தன்தான்."

நான் விடுதலையான பிறகு, போன மாதம் அவளை என் காரில் தேக்காவுக்கு அழைத்துப் போனேன். சிராங்கூன் சாலையில் வாழை இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். மிதித்தேன். கார் நின்றது. அக்கா இரு கைகளையும் முன்பலகையில் ஊன்றி, கண்ணை இறுக மூடியிருந்தாள். பின்னால் ஹாரன்கள் அலறின. நான் காரைக் கிளப்பவில்லை.

"அந்த ஆளு தப்பிச்சிட்டாரா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"தப்பிச்சிட்டாருக்கா."

சற்றுப் பொறுத்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றதையும்.