எர்வானும் எட்டு மீட்டர் தனிமையும்

நல்ல காற்று கிளம்பியதும் எர்வான் பாயைச் சுருக்கிக் கட்டுகிறார். பாய்மரப் படகு வைத்திருக்கும் மற்ற அத்தனை பேரும் அந்த நேரத்தில் பாயை விரிப்பார்கள். இவர் மட்டும் கயிற்றைத் தளர்த்தி, மூன்றாவது மடிப்புவரை இறக்கி, முடிச்சுப் போட்டு, போதாததற்கு ஒரு வாளியையும் பின்னால் தண்ணீரில் இழுபடவிட்டு, "இப்பத்தான் சரி" என்கிறார். பிறகு தொலைநோக்கியால் பின்பக்கத் தொடுவானத்தைப் பார்க்கிறார்.

பிரான்ஸின் பிரெஸ்ட் நகரத்தில் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். நிறுத்தத்துக்கு நிறுத்தம் மனிதர்கள் ஏறி, மணியடித்து, மழையைத் திட்டி, அவர் பிடரியில் தும்மினார்கள். ஓய்வு பெற்ற மறுநாளே எட்டு மீட்டர் நீளத்தில் ஒரு பழைய படகை வாங்கி, அதன் முதுகில் 'எவரும் வேண்டாம்' என்று ஊர்ப் பேச்சான பிரெத்தோன் மொழியில் தன் கையாலேயே எழுதினார். கேனரித் தீவிலிருந்து கரீபியக் கடலில் இருக்கும் மார்த்தினிக்குக்குத் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கப்போவதாக எல்லாரிடமும் அறிவித்தார். தனியாகப் போவதை இத்தனை பேரிடம் சொன்னவர் கேனரித் துறைமுகத்தில் வேறு யாருமில்லை.

காலையில் தளத்தில் விழுந்து துடிக்கும் பறக்கும் மீன்களை, "எறங்கு, எறங்கு, இங்க ஸ்டாப்பிங் இல்ல" என்று ஒவ்வொன்றாகக் கடலில் இறக்கிவிடுகிறார். மத்தியானம் சவரம் செய்துகொண்டு, தலையை வாரிக்கொண்டு, வயர்லெஸ் முன்னால் உட்காருகிறார்.

அது எட்டுவது இருபது மைல். அதற்குள் இருப்பது ஒரே படகு: துறைமுகத்தில் பழக்கமான ஜாக்கெஸ், அவர் மனைவி ஒதில் இருவரின் பதினான்கு மீட்டர் சிமென்ட் படகு. முதல் வாரம் காற்று மெலிந்திருந்ததில், எர்வானின் இலேசான படகு வெகுதூரம் முந்திவிட்டது. அந்த வாரக் கடைசி மாலை முழுக்க வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல். மறுநாளிலிருந்துதான் பாய் சுருங்கியது.

"எர்வான், இருக்கியாப்பா?" என்பார் ஜாக்கெஸ்.

"ஏன்யா தொந்தரவு பண்ற? நிம்மதியா இருக்கேன். சொல்லு."

"உன் வண்டி ஏன் நகரவே மாட்டேங்குது? நீளக் காதுக்காரன் எவனாவது ஏறிட்டானா?"

முயல் என்ற சொல்லை எங்கள் பிரெஞ்சுப் படகுகளில் எவரும் உச்சரிப்பதில்லை. படகு மூழ்கிவிடும்.

"வாயைக் கழுவுய்யா! அடியில பாசி, அவ்வளவுதான்."

முந்தின நாள் அது முழங்கால் வலியாக இருந்தது. அதற்கும் முந்தின நாள், படகு சாய்ந்தால் காப்பி சிந்துகிறதாம்.

பதினான்காம் நாள் காற்று வலுத்தது. அன்று பேசியது ஒதில்.

"எர்வான், முழங்கால் வலின்னீங்களே, அன்னிலேருந்து நாங்களும் பாயைச் சுருக்கித்தான் வச்சிருக்கோம். உங்கள நடுக்கடல்ல விட்டுட்டுப் போக மனசு வரல."

எர்வான் பேசும் பொத்தானை அழுத்தினார். உடனே விட்டுவிட்டார்.

"இப்ப எங்க சாட்டிலைட் போன்ல மார்த்தினிக்லேருந்து சேதி. எங்க பொண்ணுக்கு இந்த வாரமே பிரசவமாம். முழுப் பாயும் விரிச்சாத்தான் போய்ச் சேர முடியும். உங்களால முடியலன்னா சொல்லுங்க, கூடவே வர்றோம். நிஜத்தச் சொல்லணும்."

நிஜம் தொண்டைவரை வந்தது. எர்வான் இருமினார்.

"தாராளமாப் போங்கம்மா! நான் கிளம்பி வந்ததே யாரும் இல்லாம இருக்கத்தான். முழங்கால் எல்லாம் சரியாப் போச்சு."

"பாசி?"

"அதுவும்."

ஒரு மணி நேரத்தில் சிமென்ட் படகு எல்லாப் பாய்களையும் விரித்துக்கொண்டு பக்கத்திலேயே கடந்து போயிற்று. ஜாக்கெஸ் தொப்பியை ஆட்டினார். எதிரே வரும் பேருந்துக்குக் காட்டுவதுபோல எர்வான் இரண்டு விரலை மட்டும் உயர்த்தினார்.

அவர்கள் முகம் தெரியாத தூரம் போனதும் வாளியைத் தூக்கினார். மூன்றாவது மடிப்பை அவிழ்த்தார், இரண்டாவதை அவிழ்த்தார், முதலாவதையும். முன்பாயையும் ஏற்றினார். வலுத்த காற்றில் நீளப் படகுக்கு முன்னால் எட்டு மீட்டர் எம்மாத்திரம்? வெள்ளைப் புள்ளி சிறுத்துக்கொண்டே போயிற்று. வயர்லெஸ்ஸில் ஒதிலின் குரல் பாதிப் பாதியாக வந்து, இரைச்சலில் கரைந்தது.

எர்வான் கீழே இறங்கிப் போய், படுக்கையிலிருந்து நீலப்பூப் போட்ட விரிப்பை உருவிக்கொண்டு வந்தார். ஒரு பக்கத்தை முன்பக்கக் கம்பியில் கட்டினார். மறுபக்கத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே காற்றுக்கு விரித்துப் பிடித்தபடி, படகின் மூக்கில் போய் நின்றார்.