பாதி ஏறிய தக்காளி

வட்டவடையை விட்டு நடந்து போய்க்கொண்டிருக்கிறேன். மூணாறுக்குக் கிளம்பிய ஜீப்பைப் பாதி வழியில் விட்டாயிற்று. முன்னால் மண் சரிந்து, கேரட்டும் கோசும் ஏற்றிய லாரிகள் வளைவுக்கு வளைவு நிற்கின்றன. ஒரு லாரி நிழலில் ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டிருந்த டிரைவர், "என்னண்ணே, நடந்தேவா? இந்த மலைக்கு ஒரு ரயிலு வந்துட்டா நமக்கு இந்தப் பாடு உண்டுமா?" என்றார். பதில் சொல்லத் தொடங்கினால் அவர் சோறு குழைந்துவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஈரச் சாக்கில் காய்கறி அழுகும் வாடை இருக்கிறதே, அது எனக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்த ஒரு சிறிய ரயில்வே ஸ்டேஷனின் வாடை. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தேவிகுளத்தில் தேயிலைத் தோட்டம், பாலக்காட்டில் ஓட்டல் என்று அலைந்து, கடைசியில் அந்த ஸ்டேஷனின் கூட்ஸ் ஷெட்டில் சுமை தூக்கினேன். சிமெண்ட் முதுகை உரிக்கும், உரம் கண்ணை எரிக்கும். சோறு கிடைத்தது. ஆனால் முழு ரயில் நிறையச் சரக்கு இருந்தால்தான் வண்டி தருவோம் என்பது ரயில்வேயின் கணக்கு. எங்கள் பக்கம் முழு ரயில் நிறைய இருந்தது வெயில் மட்டும்தான். லாரிக்காரனோ தோட்டத்து வரப்புக்கே வந்து, இருப்பதை ஏற்றிக்கொண்டு போனான். ஷெட்டில் எங்களுக்குச் சீட்டாட நிறைய நேரம் இருந்தது. நான் எல்லா ஆட்டத்திலும் தோற்றேன்.

லாரிக்குப் போன சரக்கை மீட்க, ஒருநாள் பெரிய அதிகாரி ஒருவர் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினார். இனி பாசஞ்சர் வண்டியிலேயே ஒரு சரக்குப் பெட்டி சேர்ப்போம், காலையில் ஏற்றினால் மதியம் எர்ணாகுளம் என்றார். வியாபாரிகள் கைதட்டினார்கள், வடை தின்றார்கள், நேராக லாரி ஆபீசுக்குப் போனார்கள். நம்பியது ராசாத்தி அக்கா ஒருவர்தான். குத்தகை நிலம் முழுக்கத் தக்காளி போட்டிருந்தார். அது விற்றால்தான் அடுத்த போகத்துக்கு நிலம் அவர் கையில் நிற்கும். அந்தப் பெட்டி ஓடினால்தான் எங்கள் ஷெட்டும் நிற்கும்.

எங்கள் பக்கத்தில் சுமை தூக்குவதற்கும் எல்லை உண்டு. தெரு ஒரு சங்கத்துக்கு, மார்க்கெட் ஒரு சங்கத்துக்கு. ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக் கோடு வரை நாங்கள். கோட்டிலிருந்து ரயில் பெட்டிக்குள் ஏற்றுவது பார்சல் காண்டிராக்டரின் ஆட்கள். பெரிய அதிகாரி எல்லாவற்றையும் யோசித்தார், இதை யோசிக்கவில்லை. ரயில் வந்தது. உள்ளிருந்து காண்டிராக்டரின் ஆட்கள் இரண்டே பேர் இறங்கினார்கள். கோடு வரை தக்காளிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, நாங்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அவர்கள் இருவரும் தூக்கினார்கள், தூக்கினார்கள். பாதி ஏறியது. கார்டு கொடி காட்டிவிட்டார்.

ராசாத்தி அக்கா பார்சல் கிளார்க்கிடம் போனார். "ஏனுங்க சார், மீதிய நான் லாரில போட்டுக்கறனுங்க."

கிளார்க் பாவம், நல்ல மனுஷன். பாதித் தமிழ், பாதி மலையாளம். "மொத்தத்துக்கும் ஒரே ரசீதாணு அக்கா. இனி இது ரயில்வேயுடெ சரக்கு. தொடான் பாடில்லா."

"எம்பட தக்காளிய நானே தொடக்கூடாதுங்களா?"

"ரத்து செய்யணும்னா மேலேயிருந்து ஆர்டர் வரணும். ஃபோன் செஞ்சிட்டுண்டு."

"அப்படியே தக்காளிக்கும் ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லிருங்க சார், ஆர்டர் வர்ற வரைக்கும் பழுக்காதேன்னு."

தகரக் கூரைக்குக் கீழே அடிப்பெட்டிகள் கசியத் தொடங்கின. ஒரு லாரி டிரைவர் வேலிக்கு வெளியே நிறுத்தி, "ரயிலு இன்னும் தக்காளி திங்குதுங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்தி சாயும்போது மேலிருந்து பதில் வந்தது. முதல் நாளே திட்டம் தோற்றதாக எழுத முடியாதாம். மீதிச் சரக்கை லாரி பிடித்து, விடிந்ததும் எர்ணாகுளம் ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொன்னார்கள்.

எர்ணாகுளத்தில் நடந்ததை நானே பார்த்தேன். முந்தின நாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் பாதி அங்கே அப்படியே கிடந்தது. ஒரே ரசீது, மொத்தமும் வராமல் கொடுக்க முடியாதாம். அழுகியதோடு அழுகியதைச் சேர்த்து அடுக்கி, 'முழுமையாக வந்தது' என்று கையெழுத்துப் போட்டார்கள். சரக்கை வாங்க வந்த வியாபாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

ராசாத்தி அக்காவின் குத்தகை கைமாறியது. இப்போது அந்த நிலத்தில் யாரோ தென்னை வைத்திருக்கிறார்கள். சரக்குப் பெட்டி சில நாள் காலியாக வந்து போனது, பிறகு அதுவும் வரவில்லை. ஷெட்டின் தகரத்தைக் கழற்றினார்கள், பக்கத் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். எங்கள் கூட்டத்தில் யார் எங்கே போனார்களென்று எனக்குத் தெரியாது. நாங்கள் மூட்டை இறக்கிய இடத்தில் குரோட்டன்ஸ் செடி வளர்கிறது. அதற்கு மட்டும் தவறாமல் தண்ணீர் விடுகிறார்கள்.

லாரி வந்த அந்த விடிகாலையில் ராசாத்தி அக்கா கசிந்த பெட்டிகளைத் தானே துணியால் துடைத்துக் கொடுத்தார். "நீயும் கூடப் போ தம்பி. தெரிஞ்ச ஆளு ஒண்ணு கூட இருக்கட்டும்" என்றார். டிரைவருக்கும் ஏற்றி இறக்க ஆள் இல்லை. ரயில்வேயின் சரக்கை ரோடு வழியாகக் கொண்டுபோய் ரயில்வே ஸ்டேஷனில் இறக்கும் வேலைக்கு, நான் கிளீனராக ஏறி உட்கார்ந்தேன்.