ஊறுகாய்க்கு ஒரு மனு

பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு அப்பாவின் இலையில் இரண்டாவது ஊறுகாய் விழுந்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அந்த ஓட்டலில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைத் தவிர வேறு எங்கும் பார்க்க அப்போது எனக்குத் துணிச்சல் இல்லை.

இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத இதை எழுத உட்கார்ந்ததற்கு என் மகள்தான் காரணம். கோயம்புத்தூரில் ஓட்டல் நிர்வாகம் படிக்கிறாள். பயிற்சி என்று ஆறு மாதம் ஓர் உணவகத்தில் பரிமாற வேண்டும். போன வாரம் பேசும்போது, பிறந்தநாள் கொண்டாட வந்த பதினான்கு பேர் மூன்று மணி நேரம் அவளை ஓடவிட்டதைச் சொன்னாள். போகும்போது போனை நீட்டிப் பணம் கட்டிவிட்டு, அவள் நின்ற பக்கமே திரும்பாமல் போய்விட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பரவால்லம்மா, இந்த மாதிரி ஆளுகளுக்கு நாங்க ஒரு பேரு வச்சிருக்கோம்" என்றாள். என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்தப் பேரை யாரிடமாவது சொல்லித் தொலைத்திருப்பாளோ என்றே மனம் சுற்றுகிறது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. உத்தமபாளையத்தில் குடியிருந்தோம். அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தர். வாரம் ஒருமுறை கோப்புகளைத் தூக்கிக்கொண்டு தேனிக்குப் போவார். போனால் மதியச் சாப்பாடு கடைவீதியில் எப்போதும் அந்த ஓட்டலில்தான். வருடக்கணக்கான பழக்கம். அம்மாவின் ஒரே தம்பியான மாமா அதே ஓட்டலுக்கு சப்ளையராகப் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவருக்கு மாடியில் ஏ.சி. அறையில் வேலை. அப்பா கீழே, மின்விசிறிக்கு அடியில் சாப்பிடுகிறவர். அதனால் இருவரும் அங்கே எதிரெதிரே பார்த்துக்கொண்டதே இல்லை.

மாமா பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார். அவர் வந்தால் எங்கள் வீட்டில் கச்சேரிதான். சாப்பிட வருகிறவர்களைப் போல நடித்துக் காட்டுவார். இலையை நாலு தரம் துடைக்கச் சொல்கிறவர், சாம்பாரில் முருங்கைக்காயைத் தேடிக் கரண்டியோடு மல்லுக்கட்டுகிறவர், ஏப்பம் விட்டுவிட்டுக் குறை சொல்கிறவர் என்று ஒவ்வொருவரும் எங்கள் கூடத்துக்கு வந்துபோவார்கள். அப்படி ஒரு ஞாயிறு, அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில்தான், அந்த ஊறுகாய் விஷயத்தைச் சொன்னார். என்னை அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"ஒரு தடவ, ரெண்டு தடவ ஒண்ணும் வைக்காமப் போனா விட்ருவோம் ஆத்தா, மறந்திருப்பாகன்னு. மூணாந்தடவையும் டம்ளருக்கு அடியில ஒத்தக் காசு இல்லேன்னு வையி, அடுத்த வாட்டி எலைல ரெண்டு ஊறுகா. அதப் பாத்தா அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சுபோகும். பொரியல் வாளி அந்த எலைக்கு மறுக்கா நிக்காது."

"அவுக கண்டுபிடிக்க மாட்டாகளா மாமா?"

"எங்கிட்டுக் கண்டுபிடிக்க? ரெண்டு வச்சா நமக்குத்தான் தனிக் கவனிப்புன்னு சந்தோசப்படுவாக. அதான வெளையாட்டே!"

அம்மா சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் குடித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு மாமா கொஞ்ச நேரம் விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒம்பது தடவ ரசம் கேப்பாக அக்கா. ஒம்பது தடவையும் ஓடுவோம். எந்திரிச்சுப் போறப்ப நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டாக. வேலைக்குச் சேக்கும்போதே மொதலாளி சொல்லிட்டாரு, சம்பளம் இம்புட்டுத்தான், மிச்சத்த மேசைல சம்பாரிச்சுக்கன்னு. அந்த மேசையே இல்லேன்னா என்ன செய்ய?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆத்தா, இத வெளிய சொல்லிப்புடாத. எம் பொழப்பு போயிரும்."

சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து, காலாண்டு விடுமுறையில், அப்பா என்னைத் தேனிக்குக் கூட்டிப்போனார். தம்பிக்கு மொட்டையெடுத்துக் காது குத்துவதாக இருந்தது. அச்சகத்தில் பத்திரிகைகளை வாங்கிக்கொண்டோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் மாமாவின் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டலில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மீசை வைத்த ஒரு சப்ளையர் வந்தார். என் இலையில் ஒரு ஊறுகாய் வைத்தார். அப்பாவின் இலையில் ஒன்று வைத்தார். அரை நொடி நிறுத்தினார். பக்கத்திலேயே இன்னொன்று வைத்தார்.

அப்பா என் பக்கம் குனிந்து தணிந்த குரலில், "பாத்தியா? எனக்கு மட்டும் ரெண்டு. வாரந்தவறாம வர்ற ஆளுன்னு ஒரு மரியாத" என்றார்.

அப்பாவை அதற்கு முன் நான் அவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை. அலுவலகத்தில் அவருக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. மனு கொடுக்க வருகிறவர்கள் மடித்து நீட்டுவதை அவர் தொடமாட்டார் என்பதால் உடன் வேலை செய்கிறவர்களுக்கு அவர் ஒரு தொந்தரவு. உலகத்தில் அவருக்கென்று தனியாக ஒன்று கிடைக்கிற இடம் அந்த இலையின் மூலைதான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் தண்ணீர் குடிக்கத் தலையை நிமிர்த்தியபோது கையை நீட்டி ஒரு ஊறுகாயை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். நார்த்தங்காய். காது வரை எரிந்தது. ஆனால் இலையில் ஒன்றுதான் இருந்தது. ஆபத்து தீர்ந்தது என்று நினைத்தேன். தொழில் தெரிந்த மீசைக்காரர் அந்தப் பக்கம் வந்தவர், காலி இடத்தைப் பார்த்தார். நின்று, குனிந்து, அதே இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டுப் போனார்.

"கேக்காமயே வைக்கிறாக பாரு" என்றார் அப்பா.

பொரியல் வாளி வந்தது. எனக்கு முன்னால் நின்றது. அப்பா கையைக் காட்டியும் நகர்ந்து போனது. "கூட்டம்ல, கவனிக்கல" என்றார். இன்னொரு முறையும் போனது. அடுப்படி வாசலில் நின்ற இரண்டு பேர் எங்கள் மேசையைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அப்பா அவர்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"அப்பா, சிரிக்காதீங்க. அது மரியாத இல்ல" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமாதான் சொன்னார் என்பதையும் சேர்த்து.

அப்பா கோபப்படவில்லை. பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தார். கை கழுவிவிட்டு வந்து, மேசையைத் துடைக்கச் சொல்லி, பையிலிருந்து வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்தார். அனுப்புநர், பெறுநர் எழுதினார். 'பொருள்: உணவு பரிமாறுவதில் பாகுபாடு காட்டுதல் தொடர்பாக' என்று எழுதி அடிக்கோடு போட்டார். மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களை அவருக்கு அறவே பிடிக்காது. தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லாத புகாரைக் குப்பையில் போட வேண்டும் என்பார். ஆகவே கடைசிப் பத்தியில், இத்தகவலைத் தங்கள் ஊழியரும் என் மைத்துனருமான இன்னார் மூலம் அறிந்தேன் என்றும், அவருடைய நேர்மையைப் பாராட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி கல்லாவில் இருந்தபடி அதை இரண்டு முறை படித்தார். "நான் பாத்துக்கிறேன் சார்" என்றார், மிகவும் மரியாதையாக. அந்த நேரத்தில் மாமா மாடிப்படியில் எச்சில் தட்டுகளோடு இறங்கி வந்தார். அப்பாவைப் பார்த்தார், முதலாளி கையில் இருந்த தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று பத்து.

அடுத்த ஞாயிறு மாமா வரவில்லை. அம்மா பஸ் ஏறித் தேனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மீசைக்காரர் அங்கேதான் இருந்தாராம். கடை விஷயத்தை வெளியே கொண்டுபோகிறவன் எனக்கு வேண்டாம் என்று முதலாளி மாமாவைத்தான் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருக்கிறார். கூட வேலை பார்த்தவர்களும் காட்டிக்கொடுத்தவன் என்று அவரோடு பேசவில்லையாம். குமுளிப் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார். அவ்வளவுதான் தெரிந்தது.

"ஊறுகாய்க்கு மனு எழுதுன மனுசன் ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதான்" என்றாள் அம்மா.

"நான் அவனுக்கு நல்ல பேருதான வாங்கிக் குடுத்தேன்?"

"நல்ல பேரு! எந்திரிக்கும்போது ரெண்டு ரூவாய வச்சிட்டு வந்திருந்தா இம்புட்டும் நடக்குமா?"

"வாங்காத கை இது. இது எப்பிடிக் குடுக்கும்? சம்பளத்துக்கு மேல கைல திணிக்கிற காசு எங்கன இருந்தாலும் ஒண்ணுதான்."

அம்மா அப்பாவை நெடுநேரம் பார்த்தாள். "ஒங்க ஆபீஸ்ல நீட்டுற கையும், நாள் பூராம் சாம்பார் வாளி தூக்குற எந்தம்பி கையும் ஒங்களுக்கு ஒண்ணாத் தெரியுதா?" என்றாள். அன்று முதல் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

நான்தான் சொன்னேன் என்று அம்மாவுக்குத் தெரியாது; மாமாவே அப்பாவிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். நான் சொன்னதாக அப்பா அவளிடம் சொல்லவே இல்லை. தகவல் தந்தவர் பெயரை மறைக்கக் கூடாது என்கிற மனிதர், அந்த ஒரு பெயரை மட்டும் கடைசி வரை மறைத்துவிட்டார். அதற்கு அவர் எவ்வளவு வளைந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிய நான் ஒரு குழந்தையைப் பெற்று வளர்க்க வேண்டியிருந்தது.

விசேஷத்துக்கு முந்தைய வாரம் அப்பா ஒருநாள் விடுப்பு எடுத்தார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. சாயங்காலம் சட்டையெல்லாம் கசங்கி, களைத்து வந்தார். பையில் இருந்த பத்திரிகைகளில் இருபத்திரண்டு குறைந்திருந்தன. குமுளிக் கடைவீதியில் ஓட்டல் ஓட்டலாக ஏறி, ஒவ்வொரு கல்லாவிலும் ஒரு பத்திரிகையை வைத்துவிட்டு வந்திருக்கிறார். மாமா எந்த ஓட்டலிலும் கண்ணில் படவில்லை. "குடுத்திருக்கு. பாப்போம்னு ஒங்கம்மாட்டச் சொல்லு" என்றார் என்னிடம்.

சுருளிப்பட்டிக்குப் போகிற வழியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் குலதெய்வக் கோயில். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. ஒன்பதே காலுக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள், மாமாவைத் தவிர. கோயிலுக்கு முன்னால் பாயை விரித்து, தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையும் வைத்து அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசாரி கம்பியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். தனக்குப் பதினொரு மணிக்கு இன்னொரு காது இருக்கிறது என்றார்.

பெரியப்பா பொறுமை இழந்துவிட்டார். "மொறைக்கு மாமன்தான வேணும்? அவளுக்குச் சித்தி மகன் ஒருத்தன் இருக்கான்ல, அவன ஒக்கார வைங்கப்பா. நேரம் போகுது."

"எந்தம்பி மடி இல்லாம எம்பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன். இந்த வருசம் இல்லேன்னா அடுத்த வருசம்" என்றாள் அம்மா. யாரையும் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் கோயில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாமா வர வேண்டும் என்று வேண்டினேன். வந்தால் என்ன சொல்வாரோ என்ற பயத்தில், வரக் கூடாது என்றும் வேண்டினேன்.

பத்து இருபதுக்கு ஒரு டவுன் பஸ் நின்று போனது. தூசி அடங்கியபோது மாமா ரோட்டோரம் நின்றிருந்தார். கடை மடிப்புக் கலையாத புதுச் சட்டை. ஒரு கையில் தம்பிக்குப் பட்டு வேட்டியும் கடுக்கனும் இருந்த பை. இளைத்திருந்தார்.

வரப்பில் நடந்து வந்தார். என்னைக் கடந்துதான் வந்தார். என் தலையில் கையை வைத்தாரா, போகிற போக்கில் பட்டதா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அம்மா அழுதுகொண்டே பாயைக் காட்டினாள். அவர் அதில் உட்காரவில்லை. அப்பாவுக்கு எதிரில் போய் நின்றார். பாய் விரித்துத்தான் இருந்தது. தாய்மாமன் இடம் எது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அவர் அதை அப்பாவிடம் போய்க் கேட்டது, தலைகுனிந்து நின்றவருக்கு எல்லோர் முன்னாலும் ஒரு மரியாதை தருவதற்காக என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.

"மச்சான், நான் எங்கன உக்காரணும்?" என்றார்.