ஒரு சாண் சார்ட்

பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடம் ஹிஸ்டரி குரூப். என்னையும் அங்கேதான் தள்ளினார்கள். பள்ளிக்கூடம் காஞ்சிபுரத்தில், வீடு வாலாஜாபாத் தாண்டி ஒரு கிராமத்தில். மாதம் ஒரு புராஜெக்ட் தருவார்கள். பிரவுசிங் சென்டர்காரர்தான் எங்களுக்காகப் படித்தார். நாங்கள் அட்டை போட்டோம்.

'எங்கள் ஊர்' என்ற வரைபடத்துக்கு மட்டும் அவரிடம் சரக்கில்லை. அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும் என்று நானே உட்கார்ந்து வரைந்தேன். கோயில், குளம், ரேஷன் கடை, தலைவர் வீடு, ஒரு தெரு விடவில்லை. மிஸ் நெடுநேரம் பார்த்தார்.

"இதுல உன் வீடு எங்க இருக்கு?"

"எங்க வீடு ஊர்ல இல்ல மிஸ். காலனில இருக்குது."

வகுப்பே சிரித்தது. எதற்கென்று எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசுவோம். அப்பா ரேஷன் கடைக்குக் கிளம்பினால்கூட "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்பார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர். இந்தப் பக்கம் நாங்கள். அந்தச் சொல்லுக்குள் நாங்கள் இல்லை என்பதைப் பதினாறு வயதுவரை நான் கவனித்ததே இல்லை.

மிஸ் சிரிக்கவில்லை. "காலனியும் ஊர்தான்மா. சேத்து வரைஞ்சி எடுத்துக்கினு வா" என்றார். அன்று சாயங்காலமே அடியில் இன்னொரு துண்டு சார்ட்டை ஒட்டி, காலனி முழுவதையும் வரைந்தேன். எங்கள் வீடு மட்டும் சிவப்பு ஸ்கெட்ச்சில்.

பள்ளிக்கூடக் கண்காட்சியில் அதை வைக்கப்போவதாக மிஸ் சொன்னார். "எக்சிபிஷனுக்கு வாம்மா. நம்ம வூடு இருக்குது" என்றேன். அதுவரை என் பள்ளிக்கூடத்தைப் பார்த்திராத அம்மா, கம்பெனியில் லீவு சொன்னாள்.

கண்காட்சியன்று காலை சார்ட் போர்டில் அடங்கவில்லை. ஒரு சாண் கீழே தொங்கியது. விருந்தினர் வாசலுக்கு வந்துவிட்டார். "கீழ மடிச்சிக் குத்திடும்மா, நேரமில்ல" என்றார் அதே மிஸ். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. மேலே கோபுரத்தை மடிக்கலாம் என்று எனக்குமே தோன்றவில்லை. நானே மடித்தேன், நானே பின் குத்தினேன். நினைத்தால் இன்றும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

முதல் பரிசு கிடைத்தது. அம்மா வந்து, விரல் வைத்துத் தெருத்தெருவாகத் தேடினாள்.

"நம்ம வூடு எங்க இருக்குது?"

"பின்னால மடிச்சிருக்குதும்மா. இடம் பத்தல."

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்ல உடு. கிழியாம மடிச்சியா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.